நர்கீஸின் குஸ்கா

புதிய வேலை எது வந்தாலும் நர்கீஸ் முதலில் கீபோர்டைக் கவிழ்த்து அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள். முறுக்குத் தூள் உதிரும். அதை உள்ளங்கையால் கூட்டி அள்ளி, ஜன்னல் கம்பிக்கு வெளியே ஊதிவிட்டு வந்துதான் நிரல் எழுதும் விஷுவல் பேசிக்கைத் திறப்பாள். புதிய படிவம் வேண்டும் என்று கேட்டால் அந்த மென்பொருள் ஒரு சின்னக் கட்டத்தில் மாதிரிகளை வரிசையாகக் காட்டும். முதலில் நிற்பவை மென்பொருளோடு வந்தவை. கடைசியில் நிற்பவை நர்கீஸ் செய்து போட்டவை: வெறுஞ்சோறு, குஸ்கா, பிரியாணி, தால்ச்சா.

“வெறும் படிவத்தத் தெறந்து வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு ஒக்கார எனக்கு ஆகாதுக்கா,” என்பாள். “ஒல கொதிச்சுக்கிட்டு இருக்கணும். அப்பத்தான் கை ஓடும்.”

வெறுஞ்சோறு என்பது தமிழ் எழுத்துருவும் பின்னணி நிறமும் மட்டும் அமைந்த காலிப் படிவம். குஸ்கா, கறி போடாத பிரியாணி. அதில் சேர், அச்சிடு, மூடு என்ற பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் நிரலின் ஆரம்ப வரிகள் எழுதித் தயாராக இருக்கும். எந்தக் கடை, என்ன சரக்கு என்பது மட்டும் இருக்காது. பிரியாணியில் தகவல்களைச் சேமிக்கும் இடமும் இணைந்திருக்கும். பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் பருப்புக் குழம்பான தால்ச்சா, மாதக் கடைசியில் அச்சடிக்கும் அறிக்கை. நர்கீஸின் அத்தா பேகம்பூரில் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர். பெயர்கள் அந்த அடுப்படியிலிருந்து வந்தவை.

நர்கீஸுக்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும். முந்தானையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பாள். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூல் சுற்றியிருக்கிறது. புதுக் கண்ணாடி பையிலேயே இருக்கிறது. அதைப் போட்டால் எழுத்து “மொறைக்குது” என்கிறாள். வேலை செய்யும்போது தனக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. நின்றால் திரும்ப மாட்டாள், திட்ட மாட்டாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். நின்றவர் தானாக நகர்வார்.

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. கீழே எவர்சில்வர் அண்டா உருளும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். வாசலில் ‘சகாய் கம்ப்யூட்டர்ஸ்’ என்று பலகை. சகாயராஜ் என் அப்பா. தட்டச்சுப் பயிற்சி நிலையம் வைத்திருந்தவர், தொண்ணூற்று ஐந்தில் தட்டச்சு இயந்திரங்களை விற்றுவிட்டுக் கணினி வாங்கினார். இரண்டு ஆண்டு கழித்து நர்கீஸ் வேலைக்கு வந்தாள். அப்பா ஊருக்குள் போய் ஆள் பிடிப்பார். நர்கீஸ் நிரல் எழுதுவாள். தொலைபேசியையும் அவள்தான் எடுக்க வேண்டும்.

“ஸ்கிரீன்ல என்னண்ணே தெரியுது?”

“டிவி மாதிரித் தெரியுதுத்தா.”

“டிவியில என்ன படம் ஓடுது?”

“ஒண்ணும் ஓடல. கருப்பா இருக்கு.”

“சுவிட்சப் போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

இப்படி ஒரு மணி நேரம் போகும். அவள் குரல் ஒரு தடவைகூட உயர்ந்து நான் கேட்டதில்லை. ரிசீவரை வைத்த பிறகு பிரிண்டரின் தலையில் ஒரு குட்டு வைப்பாள். பிரிண்டர் என்ன செய்யும், வாங்கிக்கொள்ளும்.

மாதிரிகள் வந்த கதை வேடிக்கையானது. ஆரம்பத்தில் அப்பாவுக்கு ஒரு வழிதான் தெரியும். ஒரு கடைக்கு எழுதிய நிரலை அப்படியே நகல் எடுத்து, பெயரை மாற்றி அடுத்த கடைக்குக் கொடுப்பது. பூ கமிஷன் கடைக்கு எழுதியதை இப்படி ஒரு பூட்டு வியாபாரிக்குக் கொடுத்தார். பூக்கடை ரசீதில் ‘ஈரக் கழிவு’ என்று ஒரு வரி உண்டு. நனைந்த பூ எடை கூடும் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். அப்பா அந்த வரியை எடுக்க மறந்துவிட்டார். மறுநாள் பூட்டு வியாபாரி முத்துச்சாமி ரசீதோடு மாடியேறி வந்தார்.

“சாரு, எம் பூட்டு எப்பய்யா நனைஞ்சுச்சு?”

அப்பா சிரித்துவிட்டார். முத்துச்சாமியும் சிரித்துவிட்டார். நர்கீஸ் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து மென்பொருளின் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மாதிரிகள் இருக்கும் ஃபோல்டர் கிடைத்தது. தான் செய்த ஒரு படிவத்தைக் கடைப்பெயர், சரக்குப்பெயர் எல்லாம் துடைத்துவிட்டு அதற்குள் போட்டாள். மென்பொருளை மூடித் திறந்தாள். வரிசையின் கடைசியில் அது நின்றது. “சார், இங்க வாங்களேன்” என்று கூப்பிட்டாளாம். பின்னால் வந்து நிற்க அவள் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான் என்று அப்பா சொல்வார்.

அதற்குப் பிறகு திண்டுக்கல்லில் எங்கள் கடையிலிருந்து போன எல்லா நிரலும் குஸ்காவிலிருந்து பிறந்தவைதான். பூச்சந்தை, பூட்டுக்கடை, அரிசி மண்டி, சின்னாளப்பட்டி சேலைக்கடை. எந்தக் கடையில் போய் நின்றாலும் ‘அச்சிடு’ பொத்தான் வலது கோடியில் ஒரே இடத்தில் இருக்கும்.

அப்பா போன பிப்ரவரியில் இறந்தார். மாரடைப்பு. நான் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதுகிறேன். மே மாதம் விடுப்பில் வந்தேன். கடையை என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். பூச்சந்தைக் கடைகள் எங்கள் நிரலோடு நீடித்தால் நர்கீஸ் தன் பேரில் கடையை எடுத்து நடத்துவது, நீடிக்காவிட்டால் அறையைக் காலி செய்துவிடுவது என்று இருவரும் பேசிக்கொண்டோம். மற்ற வேலைகள் வரும் போகும். சந்தைதான் நிலையான வேலை. அதை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அத்தாவுக்கு இப்போது முட்டி வலி, பெரிய பிரியாணித் தேக்சாவைத் தூக்க முடிவதில்லை.

நான் வந்த இரண்டாம் நாள் காலை பூச்சந்தையிலிருந்து ராமர் கூப்பிட்டார். கமிஷன் கடைக்காரர்களில் பெரியவர். அவர் என்ன செய்கிறாரோ அதைத்தான் மற்றவர்கள் செய்வார்கள். தொலைபேசியில் அவர் பேசியது எனக்கே கேட்டது. நர்கீஸ் முறுக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். ஆட்டோவில் போனோம்.

சந்தையில் கடை முன்னால் கூட்டம். நடுவில் பேச்சாயி. பஸ்ஸில் பூ மூட்டை போட்டுக் கொண்டு வருகிறவர், ராமரைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்.

“ஏலே ராமரு, முல்லை கொண்டாந்த அவளுக்கும் பதினோரு கிலோ. கோழிக்கொண்டை கொண்டாந்த எனக்கும் பதினோரு கிலோவா? எம் மூட்டையத் தூக்கிப் பாருலே. உங்க ஆத்தாளாலகூடத் தூக்க முடியாது!”

“ஆத்தாள எதுக்கு இழுக்குற? மிசின் சொல்லுது, நான் என்ன செய்ய?”

“மிசினுக்கு நானா வாக்கப்பட்டேன்? உங்கிட்டத்தான பூப் போடுறேன்?”

கூட்டம் சிரித்தது. ராமர் சிரிக்கவில்லை. நர்கீஸைப் பார்த்ததும் குரல் திரும்பியது.

“வாத்தா. பாரு இந்தக் கூத்த. தராசுல முப்பது காட்டுது. உங்க கம்ப்யூட்டர்ல பதினொண்ணு. ஒருத்தருக்கு இல்ல, வரிசையா நாலு பேருக்குப் பதினொண்ணு. சார் இருந்த வரைக்கும் இப்படி ஒரு நாள் ஆனதுண்டா?”

“இல்லண்ணே.”

“நீ என்னத்தையோ நோண்டிருக்க.”

நர்கீஸ் தராசிலிருந்து கணினிக்குப் போகும் வயரைப் பார்த்தாள். முனையை லேசாக ஆட்டினாள். தராசின் மேல் ஒரு கூடையை வைக்கச் சொன்னாள். தராசில் எண் மாறியது. திரையில் பதினொன்று அசையவில்லை. வயரை அழுத்திச் செருகினாள். திரையிலும் எண் மாறியது. மறுபடி ஆட்டினாள். மறுபடி நின்றது. திரையிலிருந்து ராமர் பக்கம் திரும்பினாள்.

“ஆமாண்ணே. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்.”

“நாளைக்கு முகூர்த்தம். சந்தை கொள்ளாது. காலையில சரியா இருந்தா இருக்கட்டும். இல்லாட்டி இதத் தூக்கிட்டுப் போயிரு. நாங்க பழையபடி கையால எழுதிக்கிறோம். ஒருத்தருக்கு அடுத்தவன் எடையப் போட்டுக் குடுத்தா அவுங்க நாளைக்கு வேற கடைக்குப் போயிருவாங்க. எனக்கு உன்னயவிட அவுங்கதான் முக்கியம்.”

“சரிண்ணே. வாரேன்.”

பேச்சாயி போகிற போக்கில் நர்கீஸின் கன்னத்தைத் தட்டினார். “மொகத்தத் தூக்கி வச்சுக்காத. இவன் கெடக்கான்.”

மாடி அறைக்குத் திரும்பியதும் நர்கீஸ், ராமர் கடை நிரலைத் திறந்தாள். நான் பின்னால் போய் நின்றேன். அவள் கையை மடிக்குக் கொண்டுபோகவில்லை. என் வேலையும் இதுதான் என்பதால் இருக்கலாம்.

தவறு எங்கே என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் எழுதியிருந்த நிரலின் முதல் வரி: ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று கணினிக்குச் சொல்லும் கட்டளை. வயர் ஆடியதும் தராசிலிருந்து எண் வரவில்லை. அது ஒரு பிழை. கணினி சொன்னபடி கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. எடைக்கான இடத்தில் முந்தைய ஆளின் எடை அப்படியே இருந்தது. அதையே அச்சடித்தது. யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

“இத எல்லாப் பொத்தான்லயும் யார் போட்டது?” என்றேன். “எங்க ஆபீஸ்ல இப்படி எழுதினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

“உங்க ஆபீஸ்ல முல்லை வாடுமாக்கா?”

அவள் அடுத்த பொத்தானையும் திறந்து காட்டினாள்; அதிலும் அதே வரி.

“குஸ்காவுலயே இருக்குறதுக்கா. அதுல இருந்துதான் எல்லாத்துக்கும் வந்துச்சு.”

“குஸ்காவுல யார் போட்டது?”

பாதி முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் குனிந்து திரையைப் பார்த்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியது. யாவாரி பயப்படக் கூடாது. பயந்தால் மிசினை அணைத்துவிடுவான். முதல் முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி. தட்டச்சு கற்றவர்களின் பழக்கம். அப்பா எனக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றிலும் அந்த இரண்டாவது இடைவெளி இருக்கும்.

நர்கீஸ் முறுக்கை மென்று முடித்தாள். “தொண்ணூத்தொம்பதுல இதே ராமரண்ணன் கடையில, தை மாசம், நல்ல வரத்து. டொப்புன்னு ஒரு கட்டம் வந்து இங்கிலீஷ்ல என்னமோ எழுதிக் காட்டுச்சு. பேப்பர் தீந்துபோச்சு, அம்புட்டுத்தான் விசயம். அண்ணனுக்கு இங்கிலீஷ் வராதுல்ல. வெடிக்கப்போகுதுன்னு நெனச்சு மெயினையே அணைச்சுட்டாரு. அன்னைக்கு எழுதுன எல்லாம் போச்சு. அம்புட்டுப் பேரு முன்னாடி அவருக்குக் கண்ணு கலங்கிப்போச்சுக்கா. பெரிய மனுசன். சாருக்கு அது தாங்கல. இங்க வந்து, ‘நர்கீசு, இனிமே நம்ம புரோகிராம் எவனையும் பயமுறுத்தக் கூடாது’ன்னாரு. அவரே ஒக்காந்து தட்டுனாரு.”

“நீ சொல்லலையா, இது சரி வராதுன்னு?”

“சொன்னேன். ‘நீ பெரிய இவ’ன்னாரு. விட்டுட்டேன். ஏழு வருசம் ஓடுச்சுல்ல.”

“அப்ப சந்தையில ஏன் நீ பாக்காம விட்டேன்னு சொன்ன?”

“செத்த நேரம் சும்மா இருங்கக்கா. வேல கெடக்கு.”

ராமர் கடை நிரலில் அந்த வரிகளை யோசிக்காமல் நீக்கினாள். வரிசையாக, களை பிடுங்குவதுபோல. அவற்றின் இடத்தில் வேறு எழுதினாள். எடை வராவிட்டால் எடைக் கட்டத்தை முதலில் காலியாக்கு. அச்சிடாதே. படிவத்தின் மேல் பக்கம் ஒரு பட்டை வரட்டும், தமிழில், பெரிய எழுத்தில். அங்கே என்ன வாசகம் எழுதுவது என்பதற்குத்தான் நேரம் பிடித்தது. ‘பிழை’ என்று நான் சொன்னேன். தலையை ஆட்டினாள். “பிழைன்னா யாரோட பிழைன்னு கேப்பாங்க. சண்ட வரும்.” எழுதினாள், அழித்தாள். சிவப்பு நிறம் கொடுத்தாள், பிறகு அதையும் மாற்றி மஞ்சள் ஆக்கினாள். “சிவப்பப் பாத்தா மெயின அணைப்பாரு.” கடைசியில் இப்படி நின்றது: எடை வரல. வயரச் செருகுங்க. ஒண்ணும் ஆகல.

கடைசி இரண்டு சொல் தேவையா என்று கேட்டேன்.

“அதுதாங்கக்கா முக்கியம்.”

மறுநாள் காலை சந்தையில் கால் வைக்க இடமில்லை. நர்கீஸ் புது நிரலைக் கணினியில் ஏற்றிவிட்டு ஒரு ஓரமாகச் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தாள். மூட்டைகள் வந்தன, எடை ஏறியது, ரசீது வந்தது. அவள் ரசீதைப் பார்க்கவில்லை. ராமரின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் மெயின் சுவிட்ச் அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

யாரோ கூடையை இழுத்ததில் வயர் கழன்றது. மஞ்சள் பட்டை வந்தது. ராமரின் கை மேசையிலிருந்து எழுந்தது. உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். “ஒண்ணும் ஆகலையாம்,” என்று தனக்குத்தானே சொன்னார். கை கீழே இறங்கி வயரைத் தேடியது. செருகினார். எடை வந்தது.

“பாருங்கடா, எனக்கே உத்தரவு போடுது!” என்று பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படி கத்தினார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, தன் கடைக்கும் அந்த மஞ்சள் வேண்டும் என்றார்.

“கெடக்கட்டும்த்தா, மிசினு இங்கயே இருக்கட்டும்,” என்று ராமர் நர்கீஸிடம் சொன்னார். “எல்லாக் கடைக்கும் நீயே பாத்துக்க. ஆனா ஒண்ணு. சார் தங்கமா எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு. இனிமே அவரு எழுதுனதுல கையக் கிய்ய வைக்காத.”

“சரிண்ணே.”

“அண்ணே, அது அப்பா எழுதின—” என்று நான் ஆரம்பித்தேன்.

“அக்கா, ஆட்டோ நிக்குது,” என்றாள் நர்கீஸ். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள். சந்தையைத் தாண்டும் வரை விடவில்லை.

அறைக்கு வந்ததும் அவள் முகம் கழுவினாள். சந்தையின் மற்றக் கடைகளுக்கும் நிரலை மாற்ற வேண்டும். அதற்கு முன் மாதிரியை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாளை எந்தப் புதுக் கடைக்கு எழுதினாலும் அந்த வரி உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். குஸ்காவைத் திறந்தாள். முதல் பொத்தான். அப்பாவின் வரியின் மேல் சுட்டியை இழுத்தாள். வரி முழுவதும் கருநீலப் பட்டைக்குள் வந்தது. அழிக்கும் விசையின் மேல் விரலை வைத்தாள்.

கீழே பாத்திரக் கடையில் எதையோ இறக்கினார்கள். சத்தம் ஓயும் வரை விரல் அங்கேயே இருந்தது. அழுத்தவில்லை. எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சுட்டியை வெறும் இடத்தில் ஒரு முறை தட்டினாள்; பட்டை விலகியது. வரியின் தொடக்கத்துக்குப் போனாள். அங்கே ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டாள். விஷுவல் பேசிக்கில் அந்தக் குறி முன்னால் நின்றால் கணினி அந்த வரியைச் செய்யாது. படிக்கிறவர் கண்ணுக்கு மட்டும் வரி இருக்கும். அடுத்த வரிக்கு இறங்கினாள். அப்பாவின் வரி, பக்கத்திலிருந்த குறிப்பைப் போலவே, பச்சையாக மாறியது.

அதன் கீழே தன் வரிகளைத் தட்டினாள். பிறகு இரண்டாவது பொத்தானுக்குப் போனாள். அங்கேயும் முதல் வரியின் முன்னால் ஒரு குறி போட்டாள்.